சாஹேலில் ஒரு வறண்ட வயல்: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேளாண்மை படித்துவிட்டு நைஜர், புர்கினா ஃபாசோ, மாலி பக்கம் ஏதாவது ஒரு திட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்காகவும், போக நினைக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மாறிவரும் பருவநிலையை அங்குள்ள விவசாயிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மட்டும் விரும்புகிறவர்களும் படிக்கலாம். ஆப்பிரிக்கா முழுவதற்கும் சேர்த்து ஒரே வழி சொல்ல முடியாது. கென்ய மேட்டுநிலத்துக்குச் சொல்வது நைஜர் மண்ணுக்கு உதவாது. அதனால் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே குறுக்காக நீண்டு கிடக்கும் சாஹேல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வலியுறுத்த விரும்புவது வேலையின் வரிசையை. முதலில் மழைநீரை நிலத்தில் நிறுத்த வேண்டும். அப்புறம் எரு, அப்புறம் மரம், அதன் பிறகு உரமும் விதையும். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் விதையில் தொடங்குகிறார்கள். புது ரகத்தை மூட்டையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது சுலபம் என்பதுதான் காரணம். தண்ணீர் நிற்காத மண்ணில் எந்த ரகமும் தன் குணத்தைக் காட்டாது.

மழை எங்கே போகிறது என்று பாருங்கள்

நைஜரின் தலைநகர் நியாமேயில் ஆண்டு மழை சராசரியாக 540 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கிட்டத்தட்ட முழுவதும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடும். 1968 முதல் 1973 வரையிலும், மறுபடி 1983-84லும் வந்த வறட்சிகளில் இந்தப் பகுதி அடைந்த துயரம் மிகப் பெரியது. கால்நடைகள் மடிந்தன, ஊர் ஊராக மக்கள் கிளம்பிப் போனார்கள். 1990களிலிருந்து மொத்த மழை ஓரளவு தேறியிருக்கிறது. ஆனால் அது பெய்கிற விதம் மாறிவிட்டது. செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து 2017ல் வெளியான ஓர் ஆய்வு, மிகக் கடுமையான புயல்மழைகள் 1982க்குப் பிறகு மூன்று மடங்காகிவிட்டன என்று காட்டியது. இரண்டு வாரம் ஒரு துளி இல்லை, அப்புறம் ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கிறது.

அந்த மழை விழும் மண்ணைப் பாருங்கள். புர்கினா ஃபாசோவின் யதெங்கா மாகாணத்தில் மோரே மொழி பேசும் விவசாயிகள் 'சிப்பெல்லே' என்று ஒரு வகை நிலத்தைச் சொல்வார்கள். செடிகொடி எதுவும் இல்லாமல், மேற்பரப்பு ஓடு மாதிரி இறுகி, வெளுத்துக் கிடக்கும் நிலம் அது. மழைத்துளி மோதி மோதி நுண்ணிய மண் மேலே படிந்து, காய்ந்து, இறுகியதால் வந்த ஓடு. எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் அதன் மேல் வழிந்தோடிவிடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பருவத்தின் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் ஒரு களைக்கொத்தோடு வயலுக்குப் போங்கள். வெறும் ஓட்டு நிலத்தில் ஒரு இடம், புதருக்கு அடியில் ஒரு இடம், பழைய வரப்போரம் ஒரு இடம் என்று தோண்டி, ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். விவசாயியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு இது புதிய செய்தியாக இருக்காது. நீங்கள் மண்ணைப் பார்த்துத்தான் பேசத் தொடங்குகிறீர்கள் என்று அவர் அறிவது முக்கியம்.

நிலம் யாருடையது, வேலை யாருடையது

1960களின் தொடக்கத்தில் யதெங்காவில் ஜெரெஸ் என்ற பெரிய மண்காப்புத் திட்டம் வந்தது. கனரக இயந்திரங்களை வைத்து 1,20,000 ஹெக்டேர் அளவுக்கு மண்வரப்புகள் போட்டார்கள். விவசாயிகளை யாரும் கேட்கவில்லை. வரப்புகள் உடைந்தபோது அவர்களும் சீர்செய்யவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் கரைந்துபோயின. கணக்கில் பிழையில்லாத பொறியியல் வேலைதான், ஆனால் அந்த வரப்பை ஒருவரும் தன்னுடையது என்று நினைக்கவில்லை. சாஹேலுக்குப் போகும் ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஆகவே குழி தோண்டும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெளியுங்கள். முதலாவது, நிலத்தின் உரிமை. இரவல் நிலத்தில் உழைத்து மண்ணைத் தேற்றினால், தேறிய பிறகு நிலத்துக்காரர் திருப்பிக் கேட்பது அங்கே நடக்கிற காரியம். யதெங்காவின் புகழ்பெற்ற விவசாயி யாகூபா சவடோகோ வளர்த்த காடு இருந்த நிலமே, வாஹிகூயா நகர விரிவாக்கத்தில் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. அவருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்த் தலைவர் முன்னிலையில், இத்தனை ஆண்டு இவர்தான் உழுவார் என்று பேசி முடித்து, முடிந்தால் எழுதியும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வேலை செய்வது யார். கோடையில் இளைஞர்கள் கூலி வேலைக்குக் கடற்கரை நாடுகளுக்குப் போய்விடுவார்கள். குழி தோண்டும் காலமும் அதுதான். கைம்பெண்கள் நடத்தும் குடும்பம் என்றால் கூட்டாகச் சேர்ந்து தோண்டுகிற ஏற்பாடு இல்லாமல் இந்த வேலை நடக்காது. அப்புறம், ஃபுலானி மேய்ப்பர்களை மறந்துவிடாதீர்கள். நீங்கள் தரிசு என்று நினைக்கும் நிலம் அவர்களின் மந்தை நடக்கும் பாதையாக இருக்கலாம். அவர்களோடும் உட்கார்ந்து பேசிய பிறகே எல்லையைக் குறியுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பகுதிகளில் பல இடங்கள் இன்று ஆயுத மோதலில் சிக்கியிருக்கின்றன. உள்ளூர் அலுவலர்கள் போக வேண்டாம் என்று சொல்லும் கிராமத்துக்குப் போகாதீர்கள். உங்களை வீட்டில் தங்கவைக்கும் குடும்பத்துக்கும் அது ஆபத்து.

கல்வரப்பு: ட்யூப் லெவல் இருந்தால் போதும்

சரி, வேலைக்கு வருவோம். சரிவிலிருந்து ஓடிவரும் வெள்ளத்தின் வேகத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் குழி தோண்டினால், முதல் பெருமழையிலேயே குழிகள் மண் மூடிப் போகும்.

சாஹேல் நிலம் கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்வையால் கண்டுபிடிப்பது கடினம். 1979 முதல் யதெங்காவில் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் உதவியோடு நடந்த திட்டத்தில் இதற்குக் கிடைத்த விடை, தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய். நம் ஊர்க் கொத்தனார்கள் அன்றாடம் பிடிக்கும் அதே ட்யூப் லெவல்தான். பத்து முதல் இருபது மீட்டர் நீளக் குழாய், அளவு குறித்த இரண்டு கம்புகள், இரண்டு ஆட்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள்.

ஒருவர் கம்போடு ஓரிடத்தில் நிற்க வேண்டும். மற்றவர் மேலும் கீழும் நகர்ந்து, இரண்டு கம்பிலும் தண்ணீர் ஒரே அளவில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து முளை அடிக்க வேண்டும். இப்படியே வயலின் குறுக்கே போனால் ஒரே மட்டத்தில் ஒரு கோடு கிடைக்கும். கோட்டில் சின்ன நெளிவுகள் இருந்தால் மண்வெட்டியால் நேராக்கிக்கொள்ளலாம். பிறகு கோட்டின் மேல் ஒரு சாண் ஆழத்துக்குள் வாய்க்கால் மாதிரி கீறி, கற்களை அடுக்க வேண்டும். பெரிய கற்கள் சரிவின் கீழ்ப்பக்கம், சிறியவை வெள்ளம் வரும் பக்கம். இருபத்தைந்து, முப்பது சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். இந்த வரப்பு தண்ணீரைத் தேக்கக் கூடாது, இடுக்குகள் வழியே மெல்லக் கசியவிட வேண்டும். அப்போதுதான் வண்டலும் சாணியும் சருகும் மேல்பக்கம் படியும், வரப்பும் உடையாது. பக்கத்தில் கல் கிடைக்காத ஊரில் இதைத் திணிக்காதீர்கள். லாரி வைத்துக் கல் கொண்டுவரும் திட்டம், லாரி நின்றதும் நின்றுவிடும். அங்கே புல்வரிசை நட்டால் போதும்.

ஸாய் குழி

இனிதான் முக்கியமான பகுதி. ஸாய் என்பது யதெங்காவின் பழைய வழக்கம். ஓட்டு நிலத்தில் சிறு குழிகள் தோண்டி அதில் விதைப்பது. 1980 வாக்கில், வறட்சி முற்றிய காலத்தில், யாகூபா சவடோகோவைப் போன்ற விவசாயிகள் அதை மாற்றிப் பார்த்தார்கள். குழியை அகலமாக, ஆழமாகத் தோண்டினார்கள். மழைக்குக் காத்திருக்காமல் கோடையிலேயே தோண்டினார்கள். உள்ளே எரு போட்டார்கள். கோடையில் மண்ணைக் கொத்துவதை அக்கம்பக்கத்தார் பைத்தியக்காரத்தனம் என்றார்களாம். விஞ்ஞானிகள் பிறகு வந்து அளந்து, ஏன் பலிக்கிறது என்று விளக்கினார்கள். கண்டுபிடிப்பு வயலிலிருந்து ஆய்வகத்துக்குப் போன இந்தத் திசையை நான் மிகவும் மதிக்கிறேன். சவடோகோவுக்கு 2018ல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2023 டிசம்பரில் காலமானார்.

செய்முறை இதுதான். நவம்பரில் அறுவடை முடிந்ததிலிருந்து மே மாதம் வரை தோண்டலாம். குழியின் குறுக்களவு 20 முதல் 40 சென்டிமீட்டர், ஆழம் 10 முதல் 20 சென்டிமீட்டர். குழிக்குக் குழி 80 சென்டிமீட்டர் இடைவெளி விடலாம். அடுத்த வரிசையின் குழி, முந்தைய வரிசை இடைவெளிக்கு நேராக வர வேண்டும். அப்போதுதான் ஒன்றில் தப்பும் தண்ணீர் அடுத்ததில் விழும். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி அணைத்து வையுங்கள். நாலாபக்கமும் இறைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே வராது.

குழி திறந்து கிடக்கும் மாதங்களும் வீண் போவதில்லை. வடகிழக்கிலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்று புழுதியையும் சருகையும் கொண்டுவந்து குழிகளில் நிரப்பும். ஏப்ரல், மே மாதத்தில் ஒவ்வொரு குழியிலும் இரண்டு கை மக்கிய எரு, அதாவது ஏறக்குறைய 300 கிராம், போட்டு லேசாக மண் தூவுங்கள். சில நாளில் கரையான் வரும். வரட்டும், மருந்து அடிக்காதீர்கள். எருவைத் தின்ன வரும் கரையான்தான் குழியின் அடியில் துளை துளையாகக் குடைந்து இறுகிய மண்ணைத் திறக்கிறது. முதல் மழையின் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. எரு செடிக்கு ஏற்ற சத்தாக மாறுவதிலும் கரையானின் பங்கு உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 80 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 6,000க்கு மேல் குழிகள் வரும். ஏக்கருக்கு 120 மணி நேர உழைப்புக்குக் குறையாது, பல இடங்களில் கூடுதலாகும். எரு மட்டும் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 1.9 டன் வேண்டும். ஒரு ஜோடி மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது எட்டாத அளவு. அதனால் முதல் ஆண்டில் அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று தொடங்கச் சொல்லுங்கள். தொகுப்பாக ஐம்பது ஹெக்டேர் இலக்கு வைத்து ஆட்களை விரட்டும் திட்ட அறிக்கைகளை நம்பாதீர்கள்.

எருவுக்கு இரண்டு வழிகள் உண்டு. வீட்டருகே மக்குக் குழி போட்டு, கம்பந்தட்டை, சாணி, அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் சேர்த்து மக்கவைப்பது ஒன்று. மேய்ப்பர்களின் மந்தையை அறுவடைக்குப் பின் வயலில் கிடை போடச் சொல்வது மற்றொன்று. தட்டை மாட்டுக்கு, சாணியும் கோமியமும் நிலத்துக்கு. காலங்காலமாக அங்கே இருந்த உறவு இது. நிலத் தகராறுகளால் இன்று பல ஊர்களில் கெட்டிருக்கிறது. கிடைக்குப் பேசி முடிப்பது சமயத்தில் பழைய பகையையும் கொஞ்சம் ஆற்றும்.

ஸாய் எங்கும் செல்லுபடியாகாது. ஆண்டு மழை 300 முதல் 800 மில்லிமீட்டர் வரை உள்ள இடங்களுக்கும் இறுகிய மண்ணுக்கும் ஏற்றது. மணற்பாங்கான நிலத்தில் குழி சரிந்துவிடும். 800க்கு மேல் மழை பெய்தால் குழியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும்.

பரப்புவது எப்படி என்று கேட்டால், கூட்டிப் போய்க் காட்டுங்கள் என்பதுதான் என் பதில். 1989ல் நைஜரின் இலெலா பகுதியிலிருந்து 13 விவசாயிகளை யதெங்காவுக்கு அழைத்துப் போனார்கள். திரும்பியதும் சிலர் தங்கள் வயலில் செய்து பார்த்தார்கள். ஹவுசா மொழியில் இதற்கு 'தஸ்ஸா' என்று பெயர். அடுத்த ஆண்டு மழை சரியாகப் பெய்யாதபோது தஸ்ஸா வயல்களில் மட்டும் கதிர் நின்றது. அதன் பிறகு பயிற்சி வகுப்பு எதுவும் தேவைப்படவில்லை. பாழ் நிலத்துக்கு விலை பேசி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறைக்குழி, பெண்களின் நிலம்

ஓட்டு நிலம் மிகவும் கெட்டுப்போய், லேசான சரிவும் இருந்தால் பெரிய பிறைக்குழி போடலாம். நாலு மீட்டர் குறுக்களவில் அரைவட்டம், திறந்த பக்கம் மேட்டைப் பார்த்தபடி, உள்ளே ஒரு தள்ளுவண்டி எரு. கம்போ சோளமோ விதைத்து, நடுவே ஒரு மரமும் வைக்கலாம்.

நைஜரில் பெண்கள் பெயரில் நல்ல நிலம் இருப்பது அரிது. யாருக்கும் வேண்டாத பாழ் நிலத்தை ஊரார் பெண்கள் குழுவுக்கு ஒதுக்க, வறண்டநிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டின் விஞ்ஞானிகள் ஸாய், பிறைக்குழி இரண்டையும் சேர்த்து அதைத் திருத்தும் முறையை உருவாக்கினார்கள். இலந்தை, முருங்கை, வெண்டை, புளிச்சக்கீரை போட்டார்கள். முருங்கைக்கீரை அங்கே அன்றாட உணவு, சந்தையில் நல்ல விலை. நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம்-1 முருங்கை அங்கே போய்ச் சேர்ந்ததும் இந்த வழியில்தான். அந்த விதை பெரியகுளத்திலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்னால் நல்ல பேச்சுத் தொடக்கமாக இருக்கும். குழுவின் பெயரில் நிலத்தை எழுத்தில் ஒதுக்கியிருக்கிறார்களா என்று மட்டும் முதலில் பாருங்கள். தேறிய நிலத்தைத் திருப்பிக் கேட்கும் ஆபத்து பெண்களுக்கு இரண்டு மடங்கு.

மரத்தை நடாதீர்கள், வளரவிடுங்கள்

டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் 1980களின் தொடக்கத்தில் நைஜரின் மராதி பகுதியில் மரம் நடும் திட்டம் ஒன்றை நடத்தினார். நட்டதில் பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983ல் ஒருநாள் நாற்றுகளை ஏற்றிக்கொண்டு போகையில், மணலில் வண்டி ஓடுவதற்காக டயரின் காற்றைக் குறைக்க இறங்கினார். பக்கத்தில் ஒரு புதர். அதன் இலையை உற்றுப் பார்த்தபோது, அது வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது என்று புரிந்தது. வயல்களில் அப்படிப் பல்லாயிரம் கட்டைகள் மண்ணுக்குள் உயிரோடு இருந்தன. ஆண்டுதோறும் விதைப்புக்கு முன் விவசாயிகள் அவற்றை வெட்டி எரித்துவந்தார்கள். வெட்டாமல் விட்டாலே போதும், வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது.

இன்று நைஜரின் மராதி, சிந்தேர் பகுதிகளில் இப்படித் தழைத்த மரங்கள் 50 லட்சம் ஹெக்டேர் அளவுக்குப் பரவியிருக்கின்றன. பழைய வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டபோதுதான் வெளியுலகுக்கே தெரியவந்தது. பெரிய நாற்றங்கால் எதுவும் இல்லை. விவசாயிகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: கோடையில் விவசாயியோடு வயலைச் சுற்றி, கட்டைகளைத் தேடுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் இருபது முப்பது தளிர்கள் இருக்கும். அவற்றில் நேராக, உரமாக உள்ள மூன்று முதல் ஐந்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். மற்றவற்றை வெட்டி விறகுக்கோ மூடாக்குக்கோ எடுத்துக்கொள்ளலாம். விட்ட தண்டுகளில் கீழ்ப்பாதி வரை பக்கக்கிளைகளைக் கூர்மையான கத்தியால் கழித்துவிட வேண்டும். கிழிக்கக் கூடாது, பட்டை உரிந்தால் பூச்சி நுழையும். வண்ணத்துணி ஒன்றைக் கட்டி வைத்தால், இது வேண்டுமென்றே விட்ட மரம் என்று விறகு பொறுக்க வருகிறவர்களுக்குத் தெரியும். ஓர் ஆண்டு கழித்து ஒரு தண்டை வெட்டி எடுத்துக்கொள்ளலாம், அந்த இடத்தில் புதுத் தளிர் வரும்.

எந்த மரம் என்று கேட்பார்கள். இருக்கிற கட்டை எதுவோ அது. ஆனால் ஹவுசாவில் 'காவோ' எனப்படும் முள்மரம் வயலில் இருந்தால் தொடவே விடாதீர்கள். வேல மரத்தின் உறவான அது, மற்ற மரங்களுக்கு நேர்மாறாக மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும். கம்புக்கு நிழல் விழாது, உதிர்ந்த இலை உரமாகும். கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது இது பச்சையாக நின்று ஆட்டுக்கும் மாட்டுக்கும் நெற்று தரும். மந்தாரையின் உறவான 'கல்கோ', எங்கும் முளைக்கும் 'சபாரா' புதர் இரண்டும் நல்லவைதான். முதல் சில ஆண்டுகளில் புழுதிக்காற்று இளங்கம்பை மூடிக் கொல்வது குறைகிறதா என்று கவனியுங்கள். விறகை விட அந்தப் பலன்தான் விவசாயிகளுக்கு முதலில் கண்ணில் படும்.

ஒரு தடை இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்துச் சட்டப்படி மரம் அரசுக்குச் சொந்தம். தன் வயலில் தான் காத்த மரத்தை வெட்டினாலும் வன அலுவலர் அபராதம் போடலாம். அந்தப் பயம் தளர்ந்து, மரம் தன்னுடையது என்று விவசாயி நம்பத் தொடங்கிய பிறகே இது பரவியது. நீங்கள் போகும் மாவட்டத்தில் வனத்துறை என்ன சொல்கிறது என்று நேரில் கேட்டு, முடிந்தால் அந்த அலுவலரையே ஊர்க் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.

விதைப்பு நாளும் சிட்டிகை உரமும்

இப்போது விதைக்கு வரலாம். கம்பு பிறந்த இடமே சாஹேல்தான். நம் ஊர்க் கம்பங்கொல்லைக்கு மூதாதை அங்கேதான் இருக்கிறது. அதனால் வீட்டு விதையை மட்டம் என்று நினைக்காதீர்கள். பருவம் குறுகிவரும் இடங்களில் எச்கேபி போன்ற குறுகிய கால ரகத்தைக் கொஞ்சம் நிலத்தில் மட்டும் போட்டு, மீதியில் அவர்களின் சொந்த ரகத்தை விதைப்பது புத்திசாலித்தனம். வரிசைக்கு இடையே தட்டைப்பயறு போடுங்கள். மண்ணை மூடும், தழைச்சத்து சேர்க்கும், வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக் களையையும் ஓரளவு அடக்கும்.

எப்போது விதைப்பது? ஒரே மழையில் 15 முதல் 20 மில்லிமீட்டர் விழுந்த பிறகு. இதற்கு ஒரு மழைமானி போதும். மாலியில் 1982 முதல் விவசாயிகள் கையிலேயே மழைமானி கொடுத்து, அளவு பார்த்து விதைக்கும் நாளைத் தீர்மானிக்கப் பழக்கினார்கள். நியாமேயில் உள்ள அக்ரிமெட் மையம் ஆண்டுதோறும் பருவத்துக்கு முன் மழைக் கணிப்பு வெளியிடுகிறது. அதை அப்படியே படித்துக் காட்டாமல், உள்ளூர் வானொலியில் அந்த மொழியில் பேசும் ஒருவரைக் கொண்டு சொல்லவையுங்கள். முதல் மழைக்குப் பின் நீண்ட இடைவெளி விழுந்து முளை கருகுவது சகஜம். மறுவிதைப்புக்கான விதையைத் தனியாக எடுத்து வைக்காத குடும்பத்துக்கு அது பெரிய அடி.

உரத்துக்கு இக்ரிசாட் சொல்லும் வழி சிட்டிகை உரம். வயல் முழுதும் தூவாமல் ஒவ்வொரு குத்துக்கும், அதாவது விதை ஊன்றிய இடத்துக்கு, மட்டும் கொஞ்சம். குளிர்பான பாட்டில் மூடியால் அளக்கலாம், மூன்று விரலால் கிள்ளியும் போடலாம். 15:15:15 கலப்பு உரம் என்றால் குத்துக்கு 6 கிராம், டிஏபி என்றால் 2 கிராம். மீட்டருக்கு ஒரு குத்து என்றால் ஏக்கருக்கு 4,000 குத்து, அதாவது கலப்பு உரம் 24 கிலோ அல்லது டிஏபி 8 கிலோ. முளைத்துப் பிழைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு, செடிக்குப் பக்கத்தில் சின்னத் துளையிட்டுப் போட்டால் விவசாயியின் காசு மழையை நம்பி நிற்காது. எரு இல்லாமல் இதை மட்டும் ஆண்டுக்கணக்கில் செய்தால் மண் சத்திழந்துபோகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கதிரில் புழு வந்தால்

கம்பு பூத்த பிறகு கதிரைச் சுற்றிச் சுருள் சுருளாகத் தடம் தெரிந்தால் அது கதிர்த்துளைப்பான் புழு. மருந்தடிக்க அவர்களிடம் கருவியும் இல்லை, காசும் இல்லை. நைஜர் விஞ்ஞானிகள் கண்ட வழி ஒரு சிறு சணல் பை. அதற்குள் கொஞ்சம் கம்பும் கம்பு மாவும், அரிசி அந்துப்பூச்சியின் புழுக்களும், பிராக்கான் ஹெபிடார் என்ற ஒட்டுண்ணிக் குளவியில் இணைசேர்ந்த பெண் குளவிகள் இரண்டும். பையை வைக்கோல் கூரையிலோ களஞ்சியத்திலோ தொங்கவிடுவார்கள். குளவி புழுவில் முட்டையிட்டு, ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆனதும் புதுக் குளவிகள் சணல் கண்ணி வழியாக வெளியேறி வயலுக்குப் பறந்துவிடும். தென்னையின் கருந்தலைப்புழுவுக்காக பிராக்கானை வளர்க்கும் தமிழ்நாட்டு ஆய்வகங்களைப் பார்த்திருக்கிறீர்கள் என்றால் இந்த வேலை உங்களுக்குப் பழக்கமானது. பூக்கும் சமயத்துக்குச் சரியாகப் பை தொங்க வேண்டும். தாமதமானால் பயனில்லை.

அறுவடைக்குப் பிறகு

அக்டோபரில் எல்லாரும் ஒன்றாக விற்பார்கள், விலை சரியும். அடுத்த ஜூன், ஜூலையில் அதே குடும்பம் அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கும். நைஜரில் இதற்கு 'வாரன்டாஜ்' என்ற ஏற்பாடு உண்டு. மூட்டைகளைக் குழுவின் கிடங்கில் வைத்துப் பூட்டுவார்கள். இரண்டு பூட்டு, ஒரு சாவி விவசாயிகளிடம், மற்றது கடன் தரும் நிறுவனத்திடம். தானியத்தின் பேரில் வாங்கிய கடனில் கோடைக்காலத்தில் காய்கறியோ செம்மறிக்கிடா வளர்ப்போ நடக்கும். விலை ஏறியதும் கடனை அடைத்து மூட்டையை எடுத்துக்கொள்ளலாம்.

தட்டைப்பயறை மட்டும் சாதாரணச் சாக்கில் வைக்காதீர்கள், வண்டு தின்று பொடியாக்கிவிடும். மூன்றடுக்கு பிக்ஸ் பைகள் சந்தையில் கிடைக்கும். உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் பை, வெளியே சாக்கு. பயறை நன்றாகக் காயவைத்து நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒவ்வொரு பையின் வாயையும் தனித்தனியாக முறுக்கிக் கட்டுங்கள். உள்ளே இருக்கும் வண்டு மீதிக் காற்றைத் தீர்த்துவிட்டுத் தானே சாகும். இரண்டு மாதமாவது திறக்கக் கூடாது.

இரண்டாம் ஆண்டு

முதல் ஆண்டு குழிகளை மூடிவிடாதீர்கள். தூர்ந்த மண்ணை அள்ளி, மறுபடி எரு போட்டு அதிலேயே விதைக்கலாம். அல்லது இடைவெளிகளில் புதுக் குழி தோண்டலாம். அப்படி மாற்றி மாற்றிச் செய்தால் சில ஆண்டுகளில் முழு வயலும் கொத்தப்பட்டுவிடும். எருவோடு கலந்துவந்த மர விதைகள் குழியில் முளைத்திருக்கும். களை எடுக்கும்போது அவற்றைப் பிடுங்காமல் விடச் சொல்லுங்கள், சவடோகோவின் காடு அப்படித்தான் உருவானது. வயலின் ஒரு ஓரத்தைக் குழி தோண்டாமல் பழையபடி விட்டு, இரண்டு இடத்துக் கதிரையும் அறுவடையன்று ஊரார் முன்னால் நிறுத்துப் பாருங்கள். அந்த எடையை விவசாயியே தன் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு எத்தனை குழி தோண்டுவது என்று அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.